தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்: மனித உரிமை அமைப்பினரிடம் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே காலுக்குப் போலீஸ்காரர்கள் என் தம்பியைச் 'சும்மா ஒரு விசாரணை' என்று அழைத்துப் போனார்கள். அவன் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் அவனைத் திருட்டு வழக்கில் கைது செய்ததாகக் காகிதத்தில் எழுதினார்கள். நடுவில் உள்ள நாற்பத்தோரு மணி நேரம் எங்கே போனது என்பதை நிரூபிக்கத்தான் அப்புறம் எட்டு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் ஒரு மனித உரிமை அமைப்பின் ஆட்கள் கூடவே இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் எப்படிப் போவது, எப்போது போவது, என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் முதல் மூன்று வாரத்தை வீணாக்கினேன். உங்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. நான் வக்கீல் இல்லை, மருந்துக் கடையில் பில் போடுகிறவள். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு.

1. முதல் இரவு: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

அமைப்பைத் தேடுவது அடுத்த நாள் வேலை. முதல் இரவில் செய்ய வேண்டியது ஒரு காகிதத்தில் நேரம் எழுதுவது. எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, என்ன வண்டி, வண்டி எண், யார் பார்த்தார்கள். நான் பிற்பாடு சந்தித்த அமைப்பின் செயலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "எத்தனை மணிக்கு?" என்பதுதான். "ராத்திரி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. அதனால்தான் பல இடங்களில் கைது நேரத்தையே தள்ளி எழுதுகிறார்கள். அதை உடைக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த நேரக் குறிப்புதான். அதற்குச் சாட்சியாக அன்றிரவே செய்யக்கூடியவை சில:

உடனே 100க்கோ 112க்கோ போன் செய்து 'இன்னாரை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷன் ஆட்கள் கூட்டிப் போயிருக்கிறார்கள், காரணம் சொல்லவில்லை' என்று சொல்லுங்கள். அழைப்பு போன நேரம் உங்கள் போனில் நிற்கும். அடுத்து மாவட்ட எஸ்.பி.க்கும், மாநகரம் என்றால் கமிஷனருக்கும் நாலு வரி மின்னஞ்சல். விடிந்ததும் அதே நாலு வரியை எஸ்.பி.க்கும் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அமைப்பில் இருக்கும் பெரியவர்கள் இன்றைக்கும் "தந்தி கொடுத்தியாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது அவர்களுக்கும் தெரியும், வாய்ப்பழக்கம். அந்தக் காலத்தில் தந்தி செய்த வேலையை இப்போது மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட் ரசீதும் செய்கின்றன.

ஸ்டேஷன் வாசலில் எதிரே டீக்கடையோ ஏ.டி.எம்மோ இருந்தால் அங்கே கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர் டீக்கடைக்காரரின் கேமராவில் ஏழு நாள் பதிவுதான் தங்கும். நான் பதினோராவது நாள் போனேன்.

ஆள் எங்கே என்றே சொல்ல மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. இதற்கு வக்கீல் வேண்டும். அமைப்பு ஆட்களைப் பார்க்க அடுத்த நாள் வரைகூடப் பொறுக்கக் கூடாத ஒரே சந்தர்ப்பம் இதுதான். அர்த்த ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

2. ஆஸ்பத்திரியும் மாஜிஸ்திரேட்டும்

இந்த இரண்டு இடங்களில் வாயைத் திறக்காவிட்டால் பிறகு எந்த அமைப்பு வந்தாலும் பாதி பலம் போய்விடும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, உரிமைகள் அப்படியேதான். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து இருக்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க விட வேண்டும். கைது நடைமுறை பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவைதான் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணை என்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் வந்து கேட்க வேண்டும்.

என் தம்பியை மாஜிஸ்திரேட் வீட்டு வராந்தாவில் இரவு ஒன்பதரைக்கு நிறுத்தினார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "இல்லீங்கய்யா" என்றான். வலது கைக்காரன், தண்ணி பாட்டிலை இடது கையால் வாங்கினான். வரும் வழியில் வேனில் வைத்து "வாயைத் திறந்தா அடுத்த கேஸ்ல உங்க அக்கா பேரும் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, எப்படியாவது ஒரு வக்கீல் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பணம் இல்லையென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் தர வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கும்போது சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொல்ல முடியாமல் போனாலும் கதை முடிந்துவிடாது. சிறையில் சேர்க்கும்போது மருத்துவர் பார்த்துக் காயங்களைப் பதிய வேண்டும், அங்கே சொல்லலாம். அதற்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனை கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். நாங்கள் நான்காம் நாள் போட்ட மனுதான் எங்களைக் காப்பாற்றியது.

வெளியே விட்டுவிட்டார்கள் என்றால் நேராக அரசு ஆஸ்பத்திரி. தனியார் வேண்டாம். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். 'போலீஸ் அடித்தது, இந்த ஸ்டேஷனில், இந்த நாளில், லத்தியால்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'கீழே விழுந்துட்டேன்' என்று பயத்தில் சொன்னால் அதுவே எழுத்தாகிவிடும். நம் ஊர் பாத்ரூம்களில்தான் எத்தனை பேர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

காயத்தைப் படம் எடுங்கள். முதல் நாள் சிவந்திருப்பது மூன்றாம் நாள் கறுக்கும், அதனால் தினமும் எடுங்கள். ஒரு படத்திலாவது முகமும் காயமும் சேர்ந்து தெரிய வேண்டும். எடுத்த போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் தரம் குறைந்துவிடும், மூலப் படம்தான் கோர்ட்டுக்கு ஆகும்.

3. யாரிடம் போவது, யாரிடம் போகக் கூடாது

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் வந்தார். காரில் 'மனித உரிமை' என்று பெரிய ஸ்டிக்கர், கழுத்தில் அடையாள அட்டை, அதில் அசோகச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்று. "நான் பேசி எடுத்துத் தர்றேன், பதினைந்து ஆகும்" என்றார். பதினைந்து என்றால் பதினைந்தாயிரம். ஐந்தாயிரம் கொடுத்தேன். உள்ளே போய் டீ குடித்துவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். 'ஆணையம்' வேறு, 'அமைப்பு' வேறு. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் மாநில மனித உரிமைகள் ஆணையமும் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தவை. அவற்றுக்கு மாவட்டச் செயலாளர், ஒன்றியப் பொறுப்பாளர் என்றெல்லாம் யாரும் கிடையாது. அமைப்பு என்பது பொதுமக்கள் சேர்ந்து நடத்துவது. அதற்கு யாரையும் விடுவிக்கும் அதிகாரம் இல்லை. 'எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லும் ஆள் எந்த அட்டை வைத்திருந்தாலும் கும்பிடு போட்டு நகருங்கள்.

நம்பிக் கேட்கக்கூடிய பெயர்களில் சிலவற்றைச் சொல்கிறேன். மக்கள் சிவில் உரிமைக் கழகம், எல்லோரும் பியூசிஎல் என்பார்கள். உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துவது, நிதி நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை, அதனால் முழுநேர அலுவலகம் எல்லா ஊரிலும் இருக்காது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம், இது சம்பளத்துக்கு ஆட்கள் வைத்து முழுநேரமாக நடக்கும் நிறுவனம். சாதி வன்கொடுமை கலந்திருந்தால் அதே மதுரையில் எவிடென்ஸ். இருளர் மக்கள் என்றால் திண்டிவனத்தை மையமாக வைத்து வேலை செய்யும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். பொய்த் திருட்டு வழக்குகளில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் எதுவும் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் போய் இரண்டு மூன்று வக்கீல்களிடம் 'மனித உரிமை கேஸ் பார்க்கிறவர் யார்?' என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னால் அவர்தான்.

4. அங்கே இருக்கிறவர்கள் யார்?

சினிமாவில் வருகிற மாதிரி பெரிய ஆபீஸ், வரிசையாகக் கம்ப்யூட்டர் என்று நினைத்துப் போனேன். ஒரு வக்கீல் வீட்டு மாடி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பீரோ. பீரோ கதவு மூடவில்லை, உள்ளே அவ்வளவு ஃபைல்.

உறுப்பினர் அமைப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பவர்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர், வங்கி ஊழியர், ஆசிரியர், வக்கீல், தொழிற்சங்கக்காரர். ஆபீஸ் முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல்தான் அவர்களுக்கு இந்த வேலை. பகல் பதினொரு மணிக்குப் போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்: பெயர், ஊர், ஸ்டேஷன், தேதி, ஆள் இப்போது எங்கே. இந்த ஐந்தும் இருந்தால் திருப்பிக் கூப்பிடுவார்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் முதலில் உங்களைப் பார்ப்பவர் களப்பணியாளர். அவரை மனித உரிமைக் கண்காணிப்பாளர் என்று சொல்வார்கள். பல நேரம் இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்ணோ பையனோ. 'பெரியவரைப் பார்க்கணும்' என்று அவரைத் தாண்டிப் போக முயலாதீர்கள். உங்கள் விஷயம் எடுக்கப்படுமா இல்லையா என்பது அவர் எழுதும் குறிப்பில்தான் இருக்கிறது. அவர்தான் உங்கள் வீட்டுக்கு வருவார், அவர்தான் ஏழாவது மாதமும் போன் எடுப்பார். அவருக்கு அடுத்து ஆவணங்களைப் பார்ப்பவர், அதன் பிறகு வழக்கறிஞர். பொறுப்பில் இருக்கும் பெரியவர் கடைசியில் கையெழுத்துப் போடுவார், செய்தியாளரிடம் பேசுவார்.

இவர்களில் யாரும் உங்கள் கேஸ் வக்கீல் அல்ல. ஜாமீன் மனு, குற்றப்பத்திரிகை எல்லாம் உங்கள் வக்கீல் பொறுப்பு. அமைப்பின் வக்கீலே உங்களுக்கும் ஆஜராகலாம், அப்படியென்றால் வக்காலத்தில், அதாவது அவரை உங்கள் வக்கீலாக நியமிக்கும் தாளில், தனியாகக் கையெழுத்து வாங்குவார். வாங்கவில்லையென்றால் அவர் உங்களுக்கு ஆஜராகவில்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஜாமீனுக்கு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று பத்து நாள் சும்மா இருந்தேன்.

இன்னொன்று. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. பியூசிஎல்லின் பினாயக் சென் 2007இல் சத்தீஸ்கரில் கைதானார், சுதா பரத்வாஜ் 2018இல் ஹரியானாவில். அதனால் போனில் சில விஷயங்களைப் பேசாமல் 'நேரில் வாங்க' என்று சொன்னால் பிகு பண்ணுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், அமைப்பிடமும்தான். காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல். பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், பதிந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம் போன்றவை மட்டும் ஏறாது. நீங்கள் போலீஸ் மேல் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. ரிமாண்ட் உத்தரவு நகல், இதற்குக் கோர்ட்டில் நகல் மனு போட வேண்டும். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே. ஸ்பீட் போஸ்ட் ரசீதுகள். அடிபட்டவரின் ஆதார். பட்டியல் சாதி, பழங்குடி என்றால் சாதிச் சான்றிதழ், முதல் நாளே கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தினால் விசாரிக்க வேண்டியவரே டி.எஸ்.பி. ஆகிவிடுகிறார், மொத்தப் போக்கும் மாறும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பள்ளி டி.சி. அல்லது பிறப்புச் சான்று. சிறுவனை லாக்கப்பில் வைத்தாலே அது தனி மீறல்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரே ஒரு தாள்: நாள், நேரம், நடந்தது என்று வரிசையாக எழுதிய பட்டியல். உணர்ச்சி வேண்டாம். 'கதறிக் கதறி அழுதான்' என்று நான் எழுதியிருந்ததைக் களப்பணியாளர் அடித்துவிட்டு, 'எத்தனை அடி, எந்தக் கையில்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார்.

ஸ்டேஷன் சி.சி.டி.வி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதமும் அதற்கு வழியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடப்பு வேறு. அந்த உத்தரவுக்கு முன்னால், அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்ததை. ஆகையால் முதல் வாரத்திலேயே 'இந்தத் தேதி, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கவும்' என்று எஸ்.பி.க்கு எழுதுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். சாதாரணமாக 30 நாள், உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 'தர முடியாது' என்று பதில் வந்தாலும் நல்லதுதான், நாம் கேட்டோம் என்பதற்கு அது சாட்சி.

6. முதல் சந்திப்பில் ஒன்றையும் மறைக்காதீர்கள்

என் தம்பி மேல் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு அடிதடி வழக்கு இருந்தது. சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்று மறைத்துவிட்டேன். அமைப்பின் ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசியபோது இன்ஸ்பெக்டர் அந்த ஃபைலைத் தூக்கி மேஜை மேல் போட்டிருக்கிறார். திரும்பி வந்த பேராசிரியர், ரிட்டயர்டு மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அவன் திருடனாவே இருந்தாலும் அடிக்கக் கூடாதும்மா, அதுக்குத்தான் நாங்க இருக்கோம். ஆனா எங்ககிட்ட நீ மறைச்சா நாங்க அவங்க முன்னால எப்படி உட்காருறது?" என்றார். அப்புறம் இரண்டு வாரம் அவர் போன் எடுக்கவில்லை.

பழைய வழக்கு, குடிப்பழக்கம், சொத்துத் தகராறு, கட்சித் தொடர்பு, யாரிடமாவது வாங்கிய பணம், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் குற்றமற்றவருக்கு மட்டும் வாதாடுகிறவர்கள் இல்லை. மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

உங்கள் தரப்பை ஒருவர் மட்டும் பேசுங்கள். பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆறு பேர் போனால் ஆறு நேரம் வரும். அடிபட்டவர் பேசும்போது நடுவில் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

என்ன வேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள். இழப்பீடா, அந்த அதிகாரி மேல் நடவடிக்கையா, பொய் வழக்கு நீங்குவதா, இனிமேல் தொந்தரவு இல்லாமல் இருப்பதா? நான்கும் நான்கு வழி. 'நியாயம் வேணும்' என்றேன். "அது சரி, எந்த நியாயம்?" என்றார்கள்.

7. உண்மை அறியும் குழு வரும் நாள்

நடந்ததை நேரில் விசாரித்து அறிக்கை எழுத அமைப்பு அனுப்பும் குழு இது. எல்லா விஷயத்துக்கும் வராது. மரணம், கூட்டமாக நடந்த தாக்குதல், சாதிக் கலவரம் போன்றவற்றுக்கு வருவார்கள். எங்களுக்கு மூன்று பேர் வந்தார்கள், ஒரே நாள், சொந்தச் செலவில் பஸ்ஸில். சாப்பாடு போடட்டுமா என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பாதிக்கப்பட்ட வீட்டில் சாப்பிட்டால் அதையே எதிர்த்தரப்பு பேசும் என்பது அவர்கள் கணக்கு. என் அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை, மோர் கொடுத்தார். குடித்தார்கள்.

அவர்கள் போலீஸிடமும் பேசுவார்கள். டாக்டரிடமும், புகார் கொடுத்தவரிடமும், தெருக்காரர்களிடமும் பேசுவார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னதும் அறிக்கையில் வரும். 'எதிரிக்கிட்ட என்ன பேச்சு' என்று சொந்தக்காரர்கள் குதிப்பார்கள், அடக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் மாமா ஒருவர் குழுவையே திட்டினார்.

அறிக்கை வருமுன் உங்கள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, யார் கேட்டாலும் வேண்டாம். பெயரும் படமும் வெளியே வரலாமா என்பது உங்கள் முடிவு, அதை எழுதியே கொடுங்கள். அறிக்கை வரும்வரை காயப் படங்களை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். எங்கள் மச்சான் போட்டார். அடுத்த நாளே டீக்கடைக்காரர் "கேமரா ரிப்பேர்" என்றார்.

காவலில் மரணம் என்றால் நடைமுறையே வேறு. மாவட்ட கலெக்டரும் எஸ்.பி.யும் 24 மணி நேரத்துக்குள் தேசிய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும். உடலை வாங்கும் முன் அமைப்பின் வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எரிக்காதீர்கள்.

8. ஆணையத்துக்கு மனு

கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம். வக்கீல் தேவையில்லை. இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலர் தப்பாக எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அது கடந்தால் எடுக்க மாட்டார்கள். மாநில ஆணையம் அல்லது தேசிய ஆணையம், ஏதாவது ஒன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும். மாநில ஆணையம் எடுத்துக்கொண்டதை தேசிய ஆணையம் விசாரிக்காது. இரண்டுக்கும் போட்டால் இரட்டிப்புப் பலம் என்று நினைத்துப் போட்டு, ஒன்று முடிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தபோது தலையில் கை வைத்தேன். அதேபோல் எஸ்.பி.க்கு எழுதிய மனுவில் 'நகல்: மனித உரிமைகள் ஆணையம்' என்று போட்டு அனுப்புவது பிரயோஜனமில்லை. ஆணையத் தலைவர் பெயருக்கே நேராக எழுத வேண்டும். பெயரில்லாத மொட்டைக் கடுதாசியும் குப்பைக்குத்தான்.

மனுவில் திருட்டு வழக்கு பொய் என்று பக்கம் பக்கமாக வாதாடாதீர்கள். அதற்கு இடம் கோர்ட். சட்டவிரோதமாக வைத்திருந்தது, அடித்தது, வைத்தியம் மறுத்தது, இவற்றை மட்டும் நாள் நேரத்தோடு எழுதுங்கள். கோர்ட்டில் என்ன வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். களப்பணியாளர் எங்கள் ஒன்பது பக்க மனுவை இரண்டரைப் பக்கமாக்கினார்.

முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் போடலாம், தப்பில்லை. ஆனால் அது சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கே விசாரணைக்கு வந்து, அடித்தவரே உங்களைக் கூப்பிட்டு 'என்னம்மா மனு போட்டியாமே' என்று கேட்பார். எங்களைக் கேட்டார்.

போலீஸ் மேல் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றால் அது தனி வழி: ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில், அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இதற்கு வக்கீலோடு போங்கள்.

9. செலவு

அமைப்புக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. சந்தா கட்டி உறுப்பினராகச் சேருவது வேறு விஷயம், அதைக் கேஸ் முடிந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். எனக்கு ஆன செலவு: ஜெராக்ஸ், ஃபோட்டோ பிரின்ட் 640 ரூபாய். ஸ்பீட் போஸ்ட் எட்டுக் கடிதம் 390. தகவல் உரிமை மனுக்கள் இரண்டு, 20. ஜாமீன் வக்கீலுக்கு 8,000. பஸ், சாப்பாடு சுமார் 4,500. கடையில் லீவு போட்டதில் சம்பளப் பிடித்தம் பதினோரு நாள், இதுதான் பெரியது. ஸ்டிக்கர் கார்காரருக்குக் கொடுத்த ஐந்தாயிரத்தை இதில் சேர்க்கவில்லை.

10. சமாதானம் பேச வருவார்கள்

இரண்டாவது மாதம் வாக்கில் வருவார்கள். போலீஸ் வராது. தெரிந்த கவுன்சிலர், கோயில் தர்மகர்த்தா, தம்பியின் முதலாளி. 'ஆணையத்துல வாபஸ் வாங்கிடு, கேஸை லேசாக்கிடலாம்' என்பார்கள். இதில் நான் உபதேசம் செய்ய மாட்டேன். அந்த ஊரிலேயே வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டியவர் ஒத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளும் முன் அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகப் பேர் போட்டு அறிக்கை எழுதியவர்கள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. யார் வந்தார், எப்போது, என்ன சொன்னார் என்பதையும் அந்த நேரப் பட்டியலில் எழுதுங்கள். மிரட்டல் என்றால் அதையே தனி மனுவாக ஆணையத்துக்கு அனுப்பலாம், பழைய வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு.

11. கடிதங்கள் வரும்போது

மனு போய்ச் சேர்ந்ததும் ஒரு வழக்கு எண் கிடைக்கும். அதைப் போனில், டைரியில், பீரோ கதவில் எங்கும் எழுதி வையுங்கள். பிறகு ஆணையம் எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கை, 'மனுதாரர் கூறுவது முற்றிலும் பொய்' என்ற தொனியில்தான் பெரும்பாலும் இருக்கும். அதன் நகல் உங்களுக்கு வந்தால் பதறாதீர்கள், குறித்த நாளுக்குள் பதில் எழுதுவதுதான் முக்கியம். எழுதாவிட்டால் மனுதாரருக்கு அக்கறை இல்லை என்று மூடிவிட வாய்ப்புண்டு. கடிதத்தை அன்றே படம் எடுத்துக் களப்பணியாளருக்கு அனுப்புங்கள். எங்களுக்கு வந்த அறிக்கையில் தம்பியைக் கைது செய்த இடம் பஸ் ஸ்டாண்டு என்று இருந்தது, நேரம் வியாழன் மாலை நான்கு. நான் புதன்கிழமை காலை 9.12க்கு எஸ்.பி.க்கு அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் ரசீதைத்தான் முதல் ஆவணமாக வைத்தோம். வெளியில் நடமாடுகிற ஆளைக் காணோம் என்று முந்தின நாளே ஏன் தபால் அனுப்ப வேண்டும்?

மாநில ஆணையம் நேரில் அழைத்தால் அழைப்பாணையில் நாளும் இடமும் இருக்கும். அடிபட்டவரும் சாட்சியும் மூல ஆவணங்களோடு போக வேண்டும். முந்தின இரவே கிளம்பிவிடுங்கள்.

வீடு மாறினால் ஆணையத்துக்குப் புது விலாசத்தை எழுதுங்கள். நாங்கள் மாறினோம், எழுதவில்லை. முதல் அழைப்பாணை பழைய வீட்டுக்காரரின் டி.வி. மேல் பதினோரு நாள் கிடந்தது.